சான்று ஏறும் வரை

லாரி டிரைவரின் லைசென்ஸ் அட்டையில் முடிவுத் தேதி இரண்டு இருக்கும். ஒன்று சொந்த வண்டிகளுக்கு. மற்றொன்று டிஆர் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும். லாரி, பஸ், டாக்ஸி என்று கூலிக்கு ஓட்டுவதெல்லாம் அந்தத் தேதிக்குள் அடங்கும். எங்கள் வீட்டில் உலை வைத்ததும், நானும் தம்பியும் படித்ததும், ஆயாவுக்கு மாதாமாதம் மருந்து வாங்கியதும் அந்த இரண்டாவது தேதியை நம்பித்தான். சின்ன வயதில் எனக்கு இது தெரியாது. அப்பா லைன் போனால் பணம் வரும், போகாவிட்டால் வண்டி பட்டறையில் நிற்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரி ஓனர்கள். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்க முடியாத குடும்பங்கள் பலவும் இந்தப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் மேலே வந்தன. அப்பா கிளீனராக ஏறி, ஓட்டக் கற்றுக்கொண்டு, ஹெவி லைசென்ஸ் எடுத்தவர். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூர் வரைக்கும் போவார். திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காயம் கிடைத்தால் ஏற்றுவார். போக, வர, லோடுக்குக் காத்திருக்க என்று ஒரு தடவை கிளம்பினால் வீட்டுப் படியேற வெகு நாளாகும்.

அந்தத் தடவை அவர் வீடு வந்தபோது டிஆர் தேதி நெருங்கியிருந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அட்டையை என்னிடம் நீட்டினார். “இதை என்னன்னு பாரு கண்ணு. எல்லாம் ஆன்லைன்லதானாம்” என்றார். என் போனிலேயே, லைசென்ஸ் வேலைகளுக்கான சாரதி தளத்துக்குள் போய் விண்ணப்பத்தைப் போட்டு, பணத்தைக் கட்டி, விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அடுத்து வேண்டியது மருத்துவச் சான்று. 1ஏ படிவம் என்று அதைச் சொல்வார்கள். 40 வயதைக் கடந்த எல்லோருக்கும் அது வேண்டும். கூலி வண்டி ஓட்டுகிறவர் என்றால் வயது எதுவானாலும் வேண்டும்.

அப்பாவுக்கு இந்தப் படிவம் புதிதல்ல. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தும் வரை கூலி வண்டி லைசென்ஸை 3 ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியிருந்தது, திருத்தத்துக்குப் பிறகு அது 5 ஆண்டு ஆனது. அதனால் பலமுறை இந்தப் படிவம் அவர் பேரில் நிரப்பப்பட்டிருக்கிறது. நிரப்பியது யார் என்பதுதான் அவருக்கே தெரியாது. புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்தால், கையெழுத்தும் சீலும் போட்ட தாள் வந்துவிடும். கண் நன்றாகத் தெரிகிறது, காது நன்றாகக் கேட்கிறது என்று, அவரைப் பார்த்தேயிராத ஒரு மருத்துவர் அதில் உறுதி சொல்லியிருப்பார். லைன் டிரைவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். இத்தனை ஆண்டும் நாட்டின் குறுக்கே பாரம் ஏற்றிப் போய் வந்த ஒரு மனிதரின் கண்ணை ஒருவர்கூட ஒரு தடவையும் சோதித்ததில்லை. நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

இப்போது அப்படி முடியாது. சாரதி தளத்தில் பதிந்திருக்கும் மருத்துவர்தான் சான்று தர முடியும். விண்ணப்ப எண்ணைப் போட்டு, தான் சோதித்ததை அவரே பதிந்து, சான்றைத் தளத்தில் ஏற்ற வேண்டும். நாம் தாளைக் கையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையே இல்லை. போலிச் சான்றுகளை ஒழிக்க இதுதான் சரியான வழி என்று நான் முழுமனதாக நம்புகிறேன். மேற்கொண்டு நான் எழுதப்போகும் எதுவும் அந்த நம்பிக்கைக்கு எதிரானதல்ல.

நாங்கள் போன கிளினிக்கில் நல்ல கூட்டம். டாக்டர் நடுவயதுக்காரர், அவசரப்படாமல் பேசினார்.

“எத்தனை வருசமா ஓட்டறீங்க?”

“கல்யாணத்துக்கு முந்தியிருந்தேங்க.”

“கண்ணாடி போடறதுண்டா?”

“பேப்பர் படிக்க மட்டும் ஒண்ணு இருக்குதுங்க. வண்டி ஓட்டறதுக்கெல்லாம் தேவைப்படலீங்க.”

சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருந்தது. வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னார்கள். மேல் வரியை அப்பா சத்தமாகப் படித்தார். அடுத்த வரியில் குரல் தணிந்தது. அதற்கடுத்த வரியில் நின்றுவிட்டார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் கழுத்தை முன்னே நீட்டிக் கண்ணைச் சுருக்கியபோதுதான், அப்பாவால் செய்ய முடியாத ஒன்றை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

டாக்டர் அதோடு விடவில்லை, எங்களைத் தெருவுக்கே கூட்டிப் போனார். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது 1ஏ படிவத்தில் இருக்கிற கேள்விகளில் ஒன்று. தள்ளி ஒரு வேன் நின்றிருந்தது. அப்பா “டிஎன் 34” என்று உடனே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை திருச்செங்கோட்டுப் பதிவுதான், படிக்காமலே சொல்லலாம். கடைசி நான்கு எண்களைக் கேட்டபோது அவர் பேசவில்லை.

“புரை லேசா ஆரம்பிச்சிருக்குதுங்க. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கண்ணாடி போட்டாத் தெரியும். போட்டுக்கிட்டு வாங்க, திரும்பப் பார்த்துட்டுச் சான்று ஏத்தறேன்” என்றார் டாக்டர். பார்வைக் குறை இருந்தால் அது தகுந்த கண்ணாடியால் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்றும் படிவம் கேட்கிறது. ஆகவே அவர் சொன்னது நியாயம்.

வீடு திரும்பும் வழியில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. ஊர் எல்லை வந்த பிறகு, “ராத்திரில எதுர்க்க வர்ற லைட்டு கொஞ்ச நாளா பூவாட்டம் விரியுது கண்ணு. முன்கண்ணாடிலதான் அழுக்குன்னு நெனச்சு, நிறுத்தி நிறுத்தித் தொடைப்பேன்” என்றார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை கலங்கும்போது வெளிச்சம் நேராகப் போகாமல் சிதறும். புரை தொடங்குகிற பலருக்கும் பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் எதிர் விளக்கில்தான் தொல்லை தொடங்கும். வில்லையின் நடுப்பகுதி இறுகுகிற வகைப் புரையில் கிட்டப்பார்வையும் கூடும், அதனால் தூரத்து எழுத்து மங்கும். இதையெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அப்பா இரவில் ஓட்டிய அத்தனை சாலைகளிலும், எதிரே வந்தவர்களும் ஓரமாக நடந்தவர்களும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவரும் வந்து சேர்ந்திருக்கிறார்.

கண்ணாடி தயாராகி வந்ததும் மறுபடி போனோம். இந்தத் தடவை எழுத்து அட்டையின் கீழ்வரிகளுக்கு அப்பா இறங்கிவிட்டார். தெருவில் நின்ற வண்டியின் எண்களையும் முழுதாகப் படித்தார். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட முறை அது, இன்றும் சிவப்பு பச்சை தெரிகிறதா என்று பார்க்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்பா ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணைச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். (நிறக்குறை இருந்தாலே லைசென்ஸ் கிடையாது என்ற நிலை 2020-இல் மாறிவிட்டது. குறைந்த அளவோ நடுத்தர அளவோ குறை உள்ளவர்களும் இப்போது வாங்கலாம். தெரியாமல் ஒதுங்கி நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.) மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிற அளவுக்குக் காது இருக்கிறதா, கைகால் அசைவு எப்படி என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்கள். “சாயங்காலத்துக்குள்ள ஏத்திருவாங்க, போய்ட்டு வாங்க” என்று டாக்டர் சொன்னார்.

சாயங்காலம் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை.

விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தளத்தில் ஒரு பக்கம் உண்டு. விண்ணப்ப எண், பிறந்த தேதி, படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்துகள். இவற்றைப் போட்டால் எது முடிந்தது, எது பாக்கி என்று வரிசையாகக் காட்டும். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் பார்ப்பேன், பஸ்ஸில் பார்ப்பேன், தூங்கப் போகும் முன் பார்ப்பேன். மருத்துவச் சான்று பாக்கி என்றே இருக்கும். அப்பா என்னிடம் எதுவும் கேட்கமாட்டார். நான் போனைக் கையில் எடுத்தால் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார், அவ்வளவுதான்.

கிளினிக்குக்குப் போன் செய்தால் ஒரு நாள் சைட் திறக்கவில்லை என்றார்கள். ஒரு நாள் டாக்டர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் ஏற்றிவிட்டோமே என்று உறுதியாகச் சொன்னார்கள்; தளத்தில் அது தெரியவில்லை. அங்கே வேலை செய்த பெண் நல்லவள். வரிசையில் நோயாளிகள் நிற்க, ஒரே கணினியை வைத்துக்கொண்டு அவள் படும் பாட்டை நானே பார்த்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வேறு யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஆர்டிஓ ஆபீசில் விசாரித்தால், “சான்று ஏறினாத்தாங்க எங்களுக்கே தெரியும்” என்றார்கள். அதுவும் உண்மைதான். சோதித்தவர் தன் வேலையைச் செய்துவிட்டார். அலுவலகத்துக்கு இன்னும் வேலை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் அப்பா நின்றார். அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் என்று ஒருவரும் இல்லை.

இதற்கிடையில் டிஆர் தேதி கடந்துபோனது.

காத்திருப்பது அப்பாவுக்குப் புதிதில்லை. புக்கிங் ஆபீஸ் வாசலில் லோடுக்காக நாள் கணக்கில் கிடந்திருக்கிறார். மண்டியில் சரக்கிறக்க ஆள் வராமல் வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். அங்கெல்லாம் முன்னால் ஒரு வரிசை கண்ணுக்குத் தெரியும். எத்தனை வண்டி போக வேண்டும் என்று எண்ணலாம், பக்கத்து வண்டிக்காரரிடம் பேசலாம், சமைத்துச் சாப்பிடலாம். இந்தக் காத்திருப்பில் எண்ணுவதற்கு எதுவும் கிடையாது. காலையில் எழுந்து குளித்து, சட்டை மாட்டி, புதுக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். லைனில் இருந்து வந்தால் பகல் முழுக்கத் தூங்குகிறவர் அந்த நாட்களில் மதியம்கூடக் கண்ணை மூடவில்லை.

சேலத்தில் வண்டி லோடேறி நின்றது. ஓனர் வயதில் சின்னவர், அப்பாவை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், மரியாதை தவறாதவர். அவருக்கும் வண்டிக்கடன் தவணை இருக்கிறது. அவர் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார்.

“அண்ணா, பெங்களூரு மட்டும் ஒரு நடை போயிட்டு வந்திருங்க. டெஸ்ட்டுதான் பாஸாயிட்டீங்கல்ல, ஏத்தறது இன்னைக்கோ நாளைக்கோதான?”

“டெஸ்ட்டு பாஸாயிட்டனுங்க. ஆனா அட்டைல தேதி முடிஞ்சு போச்சுங்களே. வழியில ஒண்ணு ஆச்சுன்னா எனக்கும் கேடு, உங்களுக்கும் கேடுங்க. வேற ஆளப் பாத்துக்கங்க.”

அப்பா சொன்னதில் சட்டம் முழுதும் அடங்கியிருக்கிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 181-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அப்படி ஓட்ட விட்ட ஓனருக்கும் 180-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது டிரைவரின் லைசென்ஸ் நடப்பில் இருந்ததா என்பதைத்தான். ஓனர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய் ஆக்டிங் டிரைவரைப் போட்டார். அன்று ராத்திரி அப்பா அந்த டிரைவருக்குப் போன் செய்து, கிளட்ச் எப்படிப் பிடிக்கும், எந்த கியரில் எப்போது இழுவை குறையும், எந்த டயரில் காற்று இறங்கும் என்று பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆக்டிங் டிரைவருக்குப் போன கூலியும் பேட்டாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவை. அம்மா சீட்டுப் பணத்துக்குக் கம்மலை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவுக்குத் தெரியாமல்தான் கொடுத்தாள், ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நாள் மதியம் வகுப்பில் இருக்கும்போது என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பதிவில் இருந்தது என் எண். ஆங்கிலத்தில் இரண்டு வரி. பக்கத்தைத் திறந்து பார்த்தேன், மருத்துவச் சான்று ஏறியிருந்தது, ஆபீசில் சரிபார்ப்பு பாக்கி என்று காட்டியது. வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். “ஏறிருச்சா?” என்று கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி கண்ணு, நீ பாடத்த நடத்து” என்றார்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா ஆபீசுக்குப் போனார், படம் எடுத்துக்கொண்டார்கள், அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்டார், அட்டை தபாலில் வந்தது. அப்பா மறுபடி இந்தூர் போனார். போன ராத்திரியே கிருஷ்ணகிரி தாண்டி நிறுத்திப் போன் செய்து, எதிர் விளக்கு இப்போது அவ்வளவாக விரியவில்லை, போர்டெல்லாம் தூரத்திலேயே தெரிகிறது என்றார். அந்தப் பரிசோதனைக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். பழைய நாள் போல யாரோ கையெழுத்திட்ட தாள் வந்திருந்தால் அவர் காத்திருந்திருக்க வேண்டாம். அழுக்கென்று நினைத்து முன்கண்ணாடியைத் துடைத்தபடியே இன்னொரு 5 ஆண்டு ஓட்டியிருப்பார்.

காத்திருந்த நாட்களில் நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ஒரு நல்ல வரி இருந்தது. தேதி முடிந்தாலும் லைசென்ஸ் மேலும் 30 நாள் செல்லும் என்றது அது. 2019 திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்கும் காலத்தைப் பெரிதாக நீட்டினார்கள். தேதிக்கு ஓராண்டு முன்பிருந்து, தேதிக்குப் பின் ஓராண்டு வரை விண்ணப்பிக்கலாம். ஆபீஸ் வேலை செய்கிறவருக்கு இது நல்ல ஏற்பாடுதான், பின்னால் கிடைத்த ஓராண்டில் அவர் பஸ்ஸில் போய்க்கொள்வார். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அந்த ஓராண்டில் ஒரு நாள்கூடப் பயன்படாது. தேதி முடிந்த மறுநாள் காலையிலேயே அவர் பிழைப்பு நின்றுவிடுகிறது.

நாள் கொடுக்க முடியாது என்பதும் இல்லை. கொரோனா காலத்தில் 2020 பிப்ரவரியிலிருந்து முடிந்த லைசென்ஸ்கள் எல்லாம் 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. 2024 ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி 12 வரை சாரதி தளத்தில் கோளாறு ஏற்பட்டபோது, அந்த இடைவெளியில் முடிந்தவற்றை பிப்ரவரி 29 வரை நடப்பில் உள்ளதாகவே கருதச் சொன்னது. தளம் நாடு முழுக்க நின்றால் அது டிரைவரின் குற்றமில்லை என்று அரசுக்கே தெரிகிறது. ஒரே ஒரு டிரைவருக்கு நின்றாலும் அது அவர் குற்றமில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. தேதி முடியும் முன்பே விண்ணப்பித்து, பணம் கட்டி, மருத்துவரிடமும் போய் வந்தவருக்கு அந்தப் பழைய 30 நாளைத் திருப்பிக் கொடுங்கள். சோதனை முடிந்ததும் மருத்துவர் கையெழுத்திட்டு ஒரு ரசீது கொடுக்கட்டும், சான்று ஏறும் வரை அது வழியில் காட்டச் செல்லட்டும். சான்று எங்கே நிற்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று டிரைவரின் போனுக்கே தமிழில் செய்தி போகட்டும்.

அதுவரை, வீட்டில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் இருந்தால் இன்றைக்கே அவர் அட்டையை வாங்கி டிஆர் தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்குள் வருகிறதென்றால் இந்த நடை முடிந்து வந்ததும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.  சான்றுக்குப் போகும் முன் கண்ணைத் தனியாக ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண்ணாடி வேண்டுமென்றால் முதலிலேயே தெரிந்துவிடும். கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன், சான்று ஏறிவிட்டதா என்பதை அங்கேயே உங்கள் போனில் பார்த்துவிட்டு வாருங்கள்.